ஒரு மாதத்தில் சாகும் ட்ரோசிரா: வாங்கிய அன்றே தொட்டியைக் கொட்டிப் பாருங்கள்

இலையிலுள்ள பசைத்துளிகளால் பூச்சியைப் பிடித்து உண்ணும் செடி ட்ரோசிரா. அதில் ஒரு வகையான ட்ரோசிரா கேப்பென்சிஸ் என்று விற்கப்பட்ட மூன்று தொட்டிகள் என்னிடம் வந்தன. வந்த அன்று இலைகள் பச்சையாகத்தான் இருந்தன, பசைத்துளிகள் மட்டும் இல்லை. பயணத்தில் துளி உலர்வது இயல்பு. நல்ல வெளிச்சம் கிடைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் விரியும் புது இலைகளில் துளி வந்துவிடும். இவற்றில் வரவே இல்லை. ஐந்தாம் வாரம் நடுக்குருத்தும் கருகியது. விற்றவரைக் கேட்டால், "நீங்கள் தண்ணீர் சரியாக விடவில்லை" என்கிறார். புகாருக்கு அவர் வைத்த கெடு ஏழே நாள்.

தொட்டியைக் கவிழ்த்ததும் காரணம் தெரிந்தது. மேலே ஒரு விரற்கனத்துக்கு ஸ்பேக்னம் பாசி. அடியில் சாதாரணத் தோட்டக் கலவை, அதில் கடுகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் உருண்டைகள். அவை மெல்லக் கரையும் உரம். தொட்டிக் கலவையில் சேர்க்கும் பொரித்த எரிமலைக் கல்லான பெர்லைட் என்று ஏமாந்துவிடாதீர்கள்: பெர்லைட் வெள்ளையாக, எடையில்லாமல் இருக்கும், நசுக்கினால் பொடியாகும். உர உருண்டையை நசுக்கினால் ஓடு உடைந்து உள்ளிருப்பது வெளியே வரும்.

சத்தில்லாத சதுப்பில் வளர்ந்து, நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து இலைவழியே எடுத்துப் பழகிய செடி இது. அதன் வேர் உப்பைத் தாங்காது. தட்டில் நீர் நிறுத்தி வளர்க்கும்போது கரைந்த உரம் வெளியேற வழியில்லை. நீர் ஆவியாக ஆவியாக உப்பு இன்னும் செறிகிறது. வேர் கருகி அது குருத்தில் தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும், கெடுவும் முடிந்திருக்கும். வாங்கியவர்தான் தன் கைராசியை நொந்துகொள்கிறார்.

கூடவே வந்த பராமரிப்புச் சீட்டு இன்னும் மோசம். வாரம் ஒருமுறை உரநீர், குழாய்த் தண்ணீர், மூடிய கண்ணாடிக் குடுவை என்று மூன்று யோசனை சொல்கிறது. மூன்றும் செடியைக் கொல்பவை. மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்ஓ நீர் இவைதான் ஆகும். டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50 பிபிஎம்முக்குள் இருக்கட்டும். வீட்டு ஆர்ஓ கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் பகுதி உண்டு, அதனால் கருவியின் குழாயில் வரும் நீரையே டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். மூடிய குடுவை வெயிலில் அடுப்பாகும், நிழலில் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்படிப்பட்ட தொட்டி வந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். முதலில் படம் எடுத்து வையுங்கள். வேரிலுள்ள கலவை முழுவதையும் மழைநீரில் அலசி நீக்குங்கள். உரம் கலக்காத பீட் மாஸ் (மட்கிய சதுப்புப் பாசி) ஒரு பங்கு, கழுவிய பெர்லைட் ஒரு பங்கு சேர்த்து நடுங்கள். பீட் பையின் பின்புறத்தை அவசியம் படியுங்கள். என்பிகே (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) எண்கள் இருந்தால் அது உரமேற்றியது, வேண்டாம். தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீர் போதும்.

குருத்து கருகத் தொடங்கியிருந்தாலும் நல்ல இலை இருந்தால் நம்பிக்கை உண்டு. அந்த இலையை அடியோடு கிள்ளி, காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டு, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். சில வாரங்களில் இலைமேல் குட்டிச் செடிகள் முளைக்கும்.

விதை விற்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. வீனஸ் பூச்சிப்பொறி இன்னொரு பூச்சியுண்ணும் செடி; அதில் நீல நிறம் என்று ஒன்று கிடையவே கிடையாது. வீனஸ் பூச்சிப்பொறியின் உண்மையான விதை கறுத்துப் பளபளக்கும், ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. ட்ரோசிரா விதையோ தூசிபோல இருக்கும். மிளகு அளவில் எது வந்தாலும் வேறு செடியின் விதைதான்.

வாங்குமுன் செடியைத் தொட்டியிலிருந்து உருவி, வேரும் கலவையும் தெரியும்படி படம் கேளுங்கள். கேப்பென்சிஸின் நல்ல வேரே கறுப்பாகத்தான் இருக்கும், அதை அழுகல் என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அழுகிய வேர் தொட்டால் கொழகொழத்துக் கையோடு வந்துவிடும்.