மஞ்சள் வயலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி: பயன்படுத்திய அனுபவம்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் பயிரிடுவோருக்குக் கிழங்கு அழுகலின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை என்பதால், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையிலிருந்து வாங்கிய டிரைக்கோடெர்மா விரிடி பொடியைப் பற்றி நேரடியாகவே எழுதுகிறேன். இந்த நன்மை செய்யும் பூஞ்சை, நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, அவற்றின் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அவற்றையே உணவாக்கிக்கொள்கிறது. ரிச்சர்டு வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932இல் விவரித்த இந்தப் பண்பு இன்று நம் வரப்பு வரை வந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஹெக்டேருக்கு 2.5 கிலோ என்ற அளவில், 50 கிலோ மட்கிய தொழுவுரத்துடன் கலந்து இட்டோம். வடிகால் நன்றாக இருந்த பாத்திகளில் அழுகல் வெகுவாகக் குறைந்தது; நீர் தேங்கிய ஓரங்களில் பயன் குறைவுதான். அழுகலை உண்டாக்கும் பித்தியம், மரபணு அடிப்படையில் உண்மையான பூஞ்சையே அன்று; நீரில் நீந்திச் செல்லும் வித்துகளால் பரவும் உயிரி அது. ஆகவே வடிகாலைச் சீர்செய்யாமல் பொடியைக் குறை சொல்வது நியாயமாகாது.

பொடியில் இருப்பது உயிருள்ள பூஞ்சை. வெயிலில் கிடந்த பொட்டலத்தை வாங்காதீர்கள். தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியுடன் கலந்து இடாதீர்கள்.