நியூசிலாந்தின் மரபு மீன்பிடி அனுமதிச் சீட்டு: கடலில் இறங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

மராய்க்கு, அதாவது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பொதுமன்றத்துக்கு, துக்கத்துக்கு வந்தவர்களைக் கடல் உணவு இல்லாமல் அனுப்பினால் விருந்தளிப்பவர்களுக்குத்தான் தலைக்குனிவு. சாதாரண ஆளுக்கான தினசரி வரம்பில் பிடித்தது பந்திக்குப் பற்றாது. அதற்குத்தான் இந்தச் சீட்டு.

இதை எழுதித் தருவது அரசு அலுவலர் அல்ல. அந்தக் கரைக்குரிய மாவோரிகள் முன்மொழிந்து, அமைச்சர் உறுதிசெய்த 'கைட்டியாக்கி', அதாவது கடல் காவலர். வடதீவுக்கு 1998 விதிகள், தென்தீவுக்கு 1999 விதிகள். மாவோரி அல்லாதவருக்கும் கிடைக்கும். தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வாங்கியவுடன் வாசித்துப் பாருங்கள்: பிடிப்பவர் பெயர், தேதி, எந்தக் கடல் உயிரினம், எண்ணிக்கை, அளவு, முறை, இடம், நோக்கம், பரிமாறும் இடம். 'கொஞ்சம் பாவா' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து எண்ணிக்கை போடச் சொல்லுங்கள். பாவா சிப்பிக்கு வழக்கமான குறைந்தபட்ச அளவு 125 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் சீட்டிலேயே மில்லிமீட்டர் கணக்கு இருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது 'வாயால் கேட்டாச்சே' என்ற நம்பிக்கையில். அதற்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. தென்தீவின் மோட்டுனாவ் கரையில் அளவு குறைந்த பாவா எடுத்துப் பிடிபட்ட டாம் டெ வீஹி, உள்ளூர்க் கடல் காவலரிடம் கேட்டுத்தான் எடுத்தேன் என்றார். 1986இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசும் மாவோரிகளும் செய்த 1992 ஒப்பந்தம் கதையை மாற்றியது. சீலார்ட் என்ற மீன்பிடி நிறுவனத்தில் பாதியை வாங்க மாவோரிகளுக்கு அரசு 15 கோடி டாலர் தந்தது. பதிலுக்கு, விதிகளில் இடம்பெறாத மரபு உரிமையை வழக்கில் தற்காப்பாகக் காட்ட முடியாமல் போனது. அதனால் இப்போது கையில் தாள் இருந்தால்தான் உரிமை. கடலில் இறங்கும்போதே அது உடன் இருக்க வேண்டும். கரையேறிய பின் எழுதி வாங்குவது செல்லாது.

பிடித்ததை விற்கவோ பண்டமாற்றவோ கூடாது. திரும்பியதும் உண்மையில் எத்தனை கிடைத்தது என்று காவலரிடம் சொல்லிவிடுங்கள், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும். அவர் காலாண்டுக்கு ஒருமுறை அமைச்சகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும்.

பெரிய குறை, எல்லாக் கரைகளும் இந்த விதிகளுக்குள் வரவில்லை. வராத இடங்களில் பொழுதுபோக்கு மீன்பிடி விதிகளின் கீழ்தான் அனுமதி. பெரும்பாலும் மராய்க் கூட்டத்துக்கும் துக்கத்துக்கும் மட்டும். மொத்தத்தில் இந்தச் சீட்டு முறைக்கு 5க்கு 3.5 மதிப்பெண் தரலாம்.