சின்ன கார் கம்பெனியின் பெரிய கார்: கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடோடு பத்து நாள்

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 2019-ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி வேகன் ஆர். அதற்கு முன்பு அதே இடத்தில் நின்றது, அப்பா பழைய வண்டியாக வாங்கிய மாருதி 800. கல்யாணம், மருத்துவமனை, குலதெய்வக் கோயில் என்று எங்கள் குடும்பம் போய்வந்த பயணங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு சின்ன கார்களில்தான் நடந்திருக்கிறது. அண்மையில் மனைவியின் தம்பி வேலை விஷயமாக வெளிநாடு போனபோது, தன்னுடைய மாருதி கிராண்ட் விட்டாராவைப் பத்து நாள் எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்றார். அது ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகை வண்டி, அதாவது பெட்ரோல் என்ஜினோடு, வண்டியைத் தனியாகவே நகர்த்தக்கூடிய மின் மோட்டாரும் கொண்டது. கோவை நகரத்துக்குள் தினமும் அலுவலகத்துக்கும், ஒரு வார இறுதியில் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்கும் ஓட்டியதில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆயிற்று. சின்ன கார் செய்து பழகிய கை பெரிய கார் செய்ய முனையும்போது எதைக் கூடவே எடுத்து வந்திருக்கிறது, எதை விட்டுவிட்டது என்ற ஒரே கேள்விதான் அந்தப் பத்து நாளும் என் மனத்தில் ஓடியது.

மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ மூன்றே கால் மீட்டர் நீளம். வெளியே பார்த்தால் கைக்கு அடக்கமாக இருக்கும்; கதவைத் திறந்தால் ஒரு குடும்பமே உட்காரும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், எந்த ஊரில் நின்றாலும் பார்த்துத் தர ஒரு மெக்கானிக் இருப்பார். இந்த மூன்று குணங்கள்தான் அந்தக் கம்பெனியின் முதலீடு என்று நான் நினைக்கிறேன். இந்தக் குணங்களை விட்டுவிட்டு அது பெரிய கார் விற்க முயன்ற போதெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டது. இதே கிராண்ட் விட்டாரா என்ற பெயரில் முன்பு இறக்குமதியாக வந்த வண்டியையும், 2011-இல் வந்த கிசாஷி என்ற செடானையும் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கிசாஷி ஓட்டுவதற்கு அருமையான கார் என்று அதை ஓட்டியவர்கள் சொல்வார்கள். ஆனாலும் 2.4 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் இறக்குமதி வரி ஏறிய விலையும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று முதல் கேள்வியாகக் கேட்கும் வாடிக்கையாளரிடம் எடுபடவில்லை. மாறாக, 2012-இல் வந்த எர்டிகா ஸ்விஃப்டின் அடித்தளத்தை நீட்டி, ஏறத்தாழ நாலே கால் மீட்டருக்குள் மூன்று வரிசை இருக்கைகளை அடக்கிக் காட்டியது. 2016-இல் வந்த விட்டாரா பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் நின்றுகொண்டே உயரமான வண்டியின் தோரணையைக் கொடுத்தது. இரண்டும் ஓடின. சின்ன காரின் புத்தியோடு செய்யப்பட்ட பெரிய கார்கள் அவை.

2022 செப்டம்பரில் இன்றைய கிராண்ட் விட்டாரா வந்த சூழல் வேறு. 2018-19-இல் நாட்டில் விற்ற பயணிகள் கார்களில் பாதிக்கு மேல் இந்தக் கம்பெனியுடையதாக இருந்தது. பிறகு மக்கள் எஸ்யூவி பக்கம் சாய்ந்ததில் அந்தப் பங்கு 40 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் டீசல் கார்களையும் கைவிட்டாகிவிட்டது. பெரிய வண்டி, ஆனால் டீசல் இல்லை, மைலேஜும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற முடிச்சை அவிழ்க்க டொயோட்டாவின் ஹைப்ரிட் தொழில்நுட்பம் கைகொடுத்தது. இந்த வண்டி பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில் உருவாகிறது. டொயோட்டா ஷோரூமில் இதன் உடன்பிறப்பு ஹைரைடர் என்ற பெயரில் நிற்கிறது. அடித்தளம் மாருதியின் தாய்க் கம்பெனியான சுசுகியுடையது, ஸ்ட்ராங் ஹைப்ரிட் அமைப்பு டொயோட்டாவுடையது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

வண்டியின் நீளம் 4,345 மில்லிமீட்டர், அகலம் 1,795. எங்கள் வேகன் ஆர் 3,655 மில்லிமீட்டர் நீளமும் 1,620 மில்லிமீட்டர் அகலமும்தான். காகிதத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது; எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பைக் நிறுத்தியிருக்கும் காலை நேரத்தில் நன்றாகவே தெரியும். முதல் இரண்டு நாள் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஸ்டீயரிங் இலகுவாக இருப்பதாலும், நான்கு பக்கமும் காட்டும் கேமரா இருப்பதாலும், பெரிய வண்டி ஓட்டுகிறோம் என்ற அச்சம் சீக்கிரமே விலகிவிடுகிறது. அந்த விஷயத்தில் இதற்குள் ஒரு சின்ன கார் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்வேன்.

நகரத்துக்குள் இந்த ஹைப்ரிட் ஓடும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வண்டிக்குக் கொடுக்கும் பணத்தின் பொருள் அங்கேதான் இருக்கிறது. 1,490 சிசி மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும் ஒரு மின் மோட்டாரும் சேர்ந்து 116 குதிரைத்திறன் தருகின்றன. காலையில் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் என்ஜின் சத்தமே கேட்காது. மோட்டாரின் மெல்லிய ரீங்காரத்தோடு வண்டி தெருவைத் தாண்டிவிடும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்திருக்கும், ஆனால் ஏசி குறையாது, ஏனென்றால் அதன் கம்ப்ரசர் மின்கலத்தில் ஓடுகிறது. பச்சை விழுந்ததும் மோட்டார் வண்டியை நகர்த்தித் தருகிறது. வேகம் கூடினால் மட்டும் என்ஜின் எழுந்து சேர்ந்துகொள்ளும். பிரேக்கை மெதுவாக மிதித்தால் வழக்கமாக வெப்பமாகப் போய்விடும் ஆற்றலில் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்புகிறது. ஆகவே, நின்று நின்று போகும் நெரிசல்தான் இந்த வண்டிக்கு ஏற்ற சாலை. காந்திபுரத்திலிருந்து அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், என் வேகன் ஆர் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் கொடுக்கும் இடத்தில் இது 24, 25 என்று காட்டுகிறது. பத்து நாளின் மொத்தக் கணக்கை பெட்ரோல் பங்க் ரசீதுகளை வைத்துப் போட்டதில் லிட்டருக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டியது. கம்பெனி அறிவித்திருப்பது 27.97. அந்த எண்ணை எட்ட முடியாவிட்டாலும், ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள வண்டி ஒரு சின்ன காரைவிடக் குறைவாகப் பெட்ரோல் குடிப்பதைக் கண்ணால் பார்ப்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

மலையில் கதை வேறு மாதிரி. ஆழியாறு அணையைத் தாண்டியதும் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர் உட்கார்ந்து ஏறும்போது மின்கலத்தின் கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். அது ஒரு யூனிட்டுக்கும் குறைவான, 0.76 கிலோவாட் மணி கொள்ளளவுதான். அதன் பிறகு சுமை முழுவதும் என்ஜின் தலையில் விழுகிறது. கியர் மாறும் இடைவெளி இல்லாத அமைப்பு என்பதால், ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க என்ஜினின் குரல் ஒரே சுருதியில் உயர்ந்து நிற்கும், மூன்று சிலிண்டருக்கே உரிய அந்த முரட்டு ஒலியும் உள்ளே வரும். மைலேஜ் 13-க்கு இறங்கியது. ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் வியூவில் நிறுத்தி, கீழே ஆழியாறு நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நின்றபோதுதான் என் காதுக்கு ஓய்வு கிடைத்தது. இறக்கத்தில் கியர் லீவரை ‘B’ என்ற நிலையில் வைத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி மின்கலத்தை நிரப்புகிறது. நான்கைந்து வளைவுகளுக்குள் மின்கலம் நிறைந்துவிடுவதால், மிச்சமுள்ள இறக்கத்தின் ஆற்றலைச் சேர்த்துவைக்க இடமிருக்காது. ஆனாலும் பிரேக் சூடாகாமல் அடிவாரம் வரை அமைதியாக இறங்கியது எனக்குப் பிடித்திருந்தது. மலைப்பாதையிலேயே வாழ்பவர்களுக்கு இதே வண்டியின் மைல்ட் ஹைப்ரிட் வகையில் (மின் மோட்டார் என்ஜினுக்குச் சிறு உதவி மட்டும் செய்யும் வகை) மேனுவல் கியரும், நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் ஆல்கிரிப் அமைப்பும் கிடைக்கின்றன. அவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, என்னை உண்மையிலேயே வருத்தியதைச் சொல்கிறேன். வால்பாறைக்குக் கிளம்பிய காலையில் இரண்டு நடுத்தரப் பெட்டிகள், ஒரு கைப்பை, குளிருக்கான போர்வை மூட்டை, உறவினர் வீட்டுக்கு அம்மா எடுத்துவைத்த ஒரு பூவன் தார் ஆகியவற்றை டிக்கியில் அடுக்கினேன். இதே சாமான்கள் வேகன் ஆரில் நிற்கவைத்து அடைத்தால் அடங்கிவிடும் என்பது எனக்குப் பழக்கத்தில் தெரியும். இங்கே டிக்கி ஆழமில்லாமல், தரை மேடாக இருக்கிறது, ஏனென்றால் ஹைப்ரிடின் மின்கலம் அந்தத் தரைக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிகளைப் படுக்கப் போட்டதும் இடம் முடிந்தது. தாரை வெளியே எடுத்து, மகளின் காலடியில் சாக்கு விரித்து வைத்தோம். “இத்தன பெரிய வண்டியில ஒரு தாரு வெக்க எடமில்லையா, கண்ணு?” என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்கு இதுதான்: கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிடின் டிக்கி 265 லிட்டர், அதன் மைல்ட் ஹைப்ரிடில் 373 லிட்டர். இதே கம்பெனியின் பலேனோவில் 318, எங்கள் வேகன் ஆரில் 341. ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளம் குறைந்த கார், சாமான் வைப்பதில் இதைவிடத் தாராளமாக இருக்கிறது. வெளியே சின்னது, உள்ளே பெரியது என்பதுதான் 800 காலத்திலிருந்து இந்தக் கம்பெனி நமக்குக் கற்றுத்தந்த அழகு. அந்த அழகு இங்கே தலைகீழாகியிருக்கிறது. இதைத் தவிர்க்கவே முடியாது என்று நான் ஏற்கமாட்டேன். டொயோட்டா ஐரோப்பாவில் விற்கும் யாரிஸ் ஹைப்ரிடில் மின்கலம் பின்னிருக்கைக்கு அடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. மாருதியே 2025 செப்டம்பரில் கொண்டுவந்த விக்டோரிஸில் சிஎன்ஜி சிலிண்டரை வண்டிக்கு அடியில் கொண்டுபோய், டிக்கியை மீட்டுக் கொடுத்திருக்கிறது. சிஎன்ஜி வாங்குபவருக்குக் கிடைத்த அந்த அக்கறை ஹைப்ரிட் வாங்குபவருக்கும் கிடைக்க வேண்டும்.

பின்னிருக்கையில் இரண்டு பெரியவர்கள் வசதியாகச் சாய்ந்து உட்காரலாம், சாய்வைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். நடுவில் மூன்றாமவர் குழந்தையாக இருந்தால் நல்லது. காற்று வரும் முன்னிருக்கைகள் கோவையின் ஏப்ரல் வெயிலுக்கு ஆடம்பரம் அல்ல, உபயோகம். கண்ணாடிக் கூரையைப் பற்றி எனக்கு உற்சாகமில்லை, மகளுக்கு நிறைய இருந்தது. 2025-ஆம் ஆண்டிலிருந்து எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் தருகிறார்கள். முன்பு, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் சோதனையில் இந்தக் கம்பெனியின் சின்ன கார்கள் ஒன்றும் இரண்டுமாக நட்சத்திரம் வாங்கியதைக் கண்டு கவலைப்பட்டவன் என்ற முறையில், 2024-இல் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியதை நான் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

விலைப் பக்கம் வருவோம். கிராண்ட் விட்டாரா அறிமுகமானபோது ஷோரூம் விலை ரூ.10.45 லட்சத்தில் தொடங்கி ரூ.19.65 லட்சம் வரை சென்றது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ரூ.10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம் என்பதால், ஆன்ரோடு விலையைக் கேட்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. இதைப் போன்ற பெரிய கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம் மட்டுமே வாங்கும் அரசு, பெட்ரோலை இவ்வளவு மிச்சப்படுத்தும் ஹைப்ரிடை சாதாரணப் பெரிய காரோடு ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எப்படியும், சின்ன காரிலிருந்து பெரிய காருக்கு மாறுவதற்கான தூரம் முன்பைவிட இப்போது நீண்டிருக்கிறது என்பதை வாங்குபவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதற்கும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு 2023 ஜூலையில் வந்த இன்விக்டோ இருக்கிறது. அது டொயோட்டா இன்னோவா ஹைகிராஸின் மறுபெயர்தான். நல்ல வண்டி, ஆனால் அதில் மாருதியின் கையெழுத்தை நான் எங்கும் காணவில்லை.

என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன்: தினமும் நகர நெரிசலில் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், மூன்று நான்கு பேர் கொண்ட குடும்பம், சாமான் குறைவு என்றால் ஸ்ட்ராங் ஹைப்ரிடையே வாங்கலாம். மின்கலத்துக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. மாதத்துக்கு நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் கூடுதல் விலையைப் பெட்ரோலில் மீட்க நெடுங்காலம் ஆகும். அவர் மைல்ட் ஹைப்ரிட் மேனுவலை எடுத்தால் பணமும் மிஞ்சும், 373 லிட்டர் டிக்கியும் கிடைக்கும். ஷோரூமுக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் இரண்டு பெரிய பெட்டிகளை மறக்காமல் எடுத்துச் சென்று, டிக்கியில் வைத்து, கதவை மூடிப் பாருங்கள். வண்டியை மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்த மறுநாள் வேகன் ஆரில் அவிநாசி சாலை சிக்னலில் நின்றபோது, என்ஜின் அதிர்வு இருக்கையில் தெரிந்தது. பத்து நாளுக்கு முன்பு அதை நான் கவனித்ததே இல்லை. டிக்கியில் அம்மா உறவினருக்குக் கொடுத்தனுப்பிய அடுத்த தார் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.