‘இன் கேஸ்’ பாடம்: ஓர் ஆங்கில இலக்கணச் செயலியின் மதிப்புரை

ஆங்கிலக் கூட்டு இணைப்புச் சொற்களைத் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கும் இந்தச் செயலியில், ‘இன் கேஸ்’ பற்றிய பாடமே மிகச் சிறப்பாக அமைந்திருக்கிறது. ‘மழை பெய்தால் குடையை எடுத்துச் செல்வேன்’ என்பதற்கு ‘இஃப்’ என்றும், ‘மழை பெய்யக்கூடும் என்பதால் குடையை எடுத்துச் செல்வேன்’ என்பதற்கு ‘இன் கேஸ்’ என்றும் பிரித்துக் காட்டி, முன்னது நிபந்தனை, பின்னது முன்னெச்சரிக்கை என விளக்கியிருப்பது பாராட்டத்தக்கது. பின்னதில் மழை வராமலே போனாலும் குடை கையில் இருக்கும். எதிர்காலத்தைச் சுட்டும்போதும் இச்சொல்லை அடுத்து ‘வில்’ வராது, ‘இன் கேஸ் இட் ரெயின்ஸ்’ என நிகழ்கால வினையே வரும் என்பதைப் போதிய பயிற்சிகளால் மனத்தில் பதிய வைக்கிறார்கள். அந்தப் பயிற்சிகள்தாம் பாடத்தின் உயிர்.

ஒலிப்பதிவும் தெளிவாக உள்ளது. ஆனால், அமெரிக்க வழக்கில் ‘இன் கேஸ்’ சில வேளைகளில் ‘இஃப்’ என்ற பொருளிலேயே வருவதைப் பாடம் சொல்லவே இல்லை. அறிவிப்புப் பலகைகளில் காணும் ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர்’ என்ற தொடரையும் விட்டுவிட்டார்கள். அங்கே ‘ஆஃப்’ சேர்ந்ததும் முழு வாக்கியத்துக்குப் பதிலாகப் பெயர்ச்சொல்லே தொடர்கிறது, பொருளும் ‘தீப்பிடித்தால்’ என்று நிபந்தனையாக மாறிவிடுகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரிதும் தடுமாறும் இந்த இடத்தை அடுத்த பதிப்பில் அவசியம் சேர்க்க வேண்டும்.