பெட்டியில் 1200, வாளியில் 288

திருகோணமலையில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பில்டர் வாங்கக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்ப்பீர்கள். எனக்கு நடந்த சுத்துமாத்து ஒரு கடையோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை.

2024 டிசம்பர். மாரி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு மூன்றடித் தொட்டி வாங்கித் தருவதாக வாய் விட்டிருந்தேன். 36 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரம். விளிம்புவரை நிரப்பினால் 159 லீற்றர். மணலும் மேலே விடுகிற இடைவெளியும் போக 140 லீற்றர் வரும். இந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் போட்டேன். அன்றைக்குக் கடையில் நின்றபோது எனக்குத் தெரிந்தது தொட்டியின் விலை மட்டும்தான்.

கடைக்காரர் நல்ல வாய்காரர். "தம்பி, இது கனிஸ்டர் பில்டர், மணிக்கு 1200 லீற்றர் ஓடும். தண்ணியே மாத்தத் தேவையில்ல. மாசம் ஒருக்கா எங்கட பெடியன் வந்து சேர்விஸ் பண்ணுவான், 1500 ரூபாதான். நீங்க மீனுக்குச் சாப்பாடு போட்டாக் காணும்." கனிஸ்டர் என்றால் தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய வாளி மாதிரி ஒன்று, தண்ணீரைக் குழாயால் இழுத்து ஸ்பொஞ், வளையங்களுக்குள்ளால் விட்டுத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். பில்டர் 24,500 ரூபா. பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 என்று இருந்தது. அதே ஓட்டோவில் எட்டுத் தங்கமீனும் வந்தன. அந்தத் தொட்டிக்கு எட்டு மிக அதிகம் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

முதல் கிழமையே இரண்டு மீன் செத்தன. "புதுத்தண்ணி ஒத்துக்கொள்ளல்ல, அது அப்பிடித்தான்" என்றார் தொலைபேசியில். சரி என்று விட்டேன்.

ஜனவரியில் சேர்விஸ் பெடியன் வந்தான். அமைதியான பிள்ளை. பில்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பொஞ், வெள்ளை வளையங்கள் எல்லாவற்றையும் முற்றத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பளிச்சென்று வரும்வரை தேய்த்துக் கழுவினான். எனக்குப் பார்க்க நிம்மதியாக இருந்தது. ஸ்பொஞ்சிலிருந்து தேயிலைச் சாயம்போல ஓடிய அழுக்கைக் கண்டு "இவ்வளவு ஊத்தையா உள்ளுக்கு இருந்தது" என்று மனைவியும் மூக்கைச் சுளித்தார். 1500 ரூபாயும் ஒரு தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர்போல ஆகிவிட்டது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு செத்தன. கடையில் கேட்டதற்கு "மீனுக்கு நோய்" என்று ஒரு நீல மருந்துப் போத்தலையும், செத்ததற்குப் பதிலாக நான்கு மீனையும் விற்றார். நான் வாங்கினேன். அந்த நீல மருந்து பில்டருக்குள் இருக்கிற நல்ல பற்றீரியாவையும் பதம் பார்க்கும் என்று அவர் சொல்லவில்லை.

பிறகு வந்தது 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே கரண்ட் இல்லாமல் கிடந்த ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் குரங்குப் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் கனிஸ்டர் பல மணி நேரம் மூடிக் கிடந்தது. கரண்ட் வந்ததும் குழாயிலிருந்து கூழ்முட்டை மணத்தோடு தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது. அன்று இரவுக்குள் மூன்று மீன். திரும்பவும் அழைத்தேன். பெடியன் மறுநாளே அவசரமாக வந்து, இந்த முறை பிளீச் ஊற்றிக் கழுவினான். இரண்டு நாளில் இன்னும் மூன்று மீன். வாங்கிய பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டு. மகள் தொட்டிப் பக்கமே வருவதை விட்டுவிட்டாள்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடமாக ஏஞ்சல் மீன் வளர்க்கிறவர். அதுவரை அவரைக் கூப்பிடாமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய மடைத்தனம். வந்தார். தண்ணீரைத் தொடவில்லை, மீனையும் பார்க்கவில்லை.

"பில்டரை எதால கழுவினீங்கள்?"

"குழாய்த் தண்ணியால, சேர்."

"குழாயடியிலயோ? எல்லாத்தையும் ஒண்டாவோ?"

"ஓம். பிறகு பிளீச்சும் போட்டவன்."

தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னச் சோதனைக் குழாயை எடுத்து, தொட்டித் தண்ணீர் 5 மில்லிலீற்றர் விட்டு, கொண்டுவந்த இரண்டு அமோனியாச் சோதனைப் போத்தலிலிருந்தும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அமோனியா இல்லாவிட்டால் அது மஞ்சளாக இருக்க வேண்டுமாம். ஐந்து நிமிடத்தில் எங்களுடையது முருங்கையிலைப் பச்சை.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். மீன் கழிவிலும் மிச்சச் சாப்பாட்டிலும் இருந்து அமோனியா வருகிறது. அது நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பண்ணிவிடும். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். "தண்ணியே மாத்தத் தேவையில்ல" என்று எந்தக் கொம்பனிப் பில்டருக்கு யார் சொன்னாலும் பொய் என்பதற்கு இதுதான் காரணம். இந்தப் பற்றீரியாக்கள் ஸ்பொஞ்சிலும் வளையங்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நாங்கள் ஊத்தை என்று மூக்கைச் சுளித்தோமே, அந்த மண்ணிறத்தில்தான் அவையும் இருந்தன. புதுப் பில்டரில் அவை போதுமான அளவு பெருகுவதற்கு நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். கந்தளாயிலிருந்து வருகிற எங்கள் குழாய்த் தண்ணீர் குளோரீன் போட்டுச் சுத்திகரிக்கப்பட்டது. எங்களுக்கு அது பாதுகாப்பு, பற்றீரியாவுக்கு மரணம். ஆகவே அவை பெருகி வருகிற நேரம் பார்த்து மாதம் ஒருமுறை 1500 ரூபா கொடுத்து நானே அவற்றைக் கொன்றிருக்கிறேன். ஒவ்வொரு சேர்விஸும் தொட்டியை முதலாம் நாளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. முதலாம் நாள் தொட்டியில் மீன் சாகும். மீன் செத்தால் மருந்து விற்கும், புது மீனும் விற்கும்.

கரண்ட் நின்ற அன்று நடந்ததும் இதே கதைதான். மூடிய கனிஸ்டருக்குள் நீரோட்டம் இல்லையென்றால் ஒட்சிசன் முடிந்து பற்றீரியா செத்து அழுகத் தொடங்கும். கன நேரம் நின்றால் திரும்பப் போடுவதற்கு முன் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பீஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டுகிற எண், கூடினாலும் சூடு கூடினாலும் அமோனியாவின் நஞ்சும் கூடும். பீஎச் 7இலிருந்து 8க்குப் போனால் நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். எனக்கு இது மாசியில் நடந்தது. கச்சான் காற்று அடிக்கிற ஆனி வெயிலில் நடந்திருந்தால் அந்த இரண்டு மீனும் மிஞ்சியிருக்காது.

சேர் அன்று பின்னேரம் ஒரு சொப்பின் பையோடு திரும்பி வந்தார். அதற்குள் அவருடைய தொட்டியில் ஒரு வருடம் கிடந்த ஸ்பொஞ், கன்னங்கரேலென்று, குளத்துச் சேற்று மணம். அதை என் பில்டர் வாளிக்குள் பிழிந்தார். மனைவி குசினிக்குள் போய்விட்டார். மூன்று நாள் மீனுக்குச் சாப்பாடு இல்லை, நாளாந்தம் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், அதுவும் குளோரீன் போகட்டும் என்று முதல் நாளே திறந்த வாளியில் பிடித்து வைத்த தண்ணீர். நைத்திரைற்றின் வேகத்தைக் குறைக்க லீற்றருக்கு ஒரு கிராம் அளவில் கல்லுப்பு. இரண்டு மீனும் தப்பின.

அவர் கனிஸ்டரின் தலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் மற்றச் சுத்துமாத்து வெளியே வந்தது. மோட்டரின் அடியில் பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருந்தது: மணிக்கு 650 லீற்றர், 8 வொட். நான் பெட்டியைத் தேடி எடுத்தேன். அலுமாரிக்குக் கீழே ஈரத்தில் கிடந்ததால் 1200 என்ற எழுத்து ஒரு மூலையில் மடிந்திருந்தது. நகத்தால் கிளப்பினேன். ஸ்டிக்கர். அடியில் 650. பக்கத்தில் 18 வொட் என்றிருந்ததும் ஸ்டிக்கர்தான், அடியில் 8.

"வாளி கொண்டாங்கோ" என்றார். திரும்பி வருகிற குழாயை 10 லீற்றர் வாளிக்குள் விட்டு நேரம் பார்த்தோம். நிரம்ப 2 நிமிடம் 5 செக்கன். கணக்குப் போட்டால் மணிக்கு 288 லீற்றர். அதாவது 140 லீற்றர் தொட்டியை மணிக்கு இரண்டு முறைதான் சுற்றுகிறது. வழமையாகச் சொல்கிற அளவு நாலு தொடக்கம் ஆறு முறை. தங்கமீன் கழிவு கூடின மீன், அதற்கு இன்னும் கூட வேண்டும். இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் போடுகிற எண் ஸ்பொஞ், வளையம் எதுவும் இல்லாமல் வெறும் மோட்டர் தள்ளுகிற அளவு. நேர்மையான கொம்பனியின் பில்டரும் உள்ளே எல்லாம் நிரப்பியபின் பாதியளவில்தான் ஓடும். ஆகவே 650 பெட்டியிலிருந்து 288 வந்தது மோட்டரின் குற்றம் இல்லை. 650ஐ 1200 ஆக்கியவரின் குற்றம்.

கடைக்குப் போனேன், பெட்டியோடும் ஸ்டிக்கரோடும். "கொழும்பிலயிருந்து அப்பிடித்தான் வந்தது தம்பி" என்றார். மாற்றித் தரச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்: "தண்ணில போட்ட சாமானுக்கு வாரண்டி இல்ல." மீன் தொட்டிப் பில்டரை வேறு எங்கே போடுவது என்று கேட்டேன். பதில் இல்லை.

அங்கேதான் என் இரண்டாவது மடைத்தனம் தெரிந்தது. என்னிடம் இருந்த பில், ஒரு துண்டுக் கடதாசியில் "மீன் சாமான் 24,500" என்று பேனையால் எழுதியது. வகை இல்லை, இலக்கம் இல்லை, முத்திரை இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. நான் கேட்கவில்லையே. எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன், ஸ்டிக்கர் படங்களோடு. அவர்களுடைய அவசர இலக்கம் 1977. உங்களுக்கு இப்படி நடந்தால் என்னைப்போல இரண்டு மாதம் மருந்து ஊற்றிக்கொண்டிருக்காமல் உடனே அழையுங்கள்.

இப்போது தொட்டியில் ஓடுவது இரண்டு ஸ்பொஞ் பில்டரும் ஒரு காற்றுப் பம்பும். மூன்றும் சேர்த்து அந்தக் கனிஸ்டரின் ஐந்திலொரு பங்கு விலைகூட இல்லை. பார்க்க வடிவில்லை, குமிழிச் சத்தம் இரவில் கேட்கும். ஆனால் கரண்ட் போனால் பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பைச் செருகிவிடலாம். கரண்டுக்கு நேரம் காலம் இல்லாத ஊரில் எனக்கு அது போதும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது காற்றுக் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் நிற்கிறபோது தண்ணீர் பின்பக்கமாக இறங்கிப் பிளக்வரை போகும். கனிஸ்டரையும் எறியவில்லை, கரடு ஸ்பொஞ் மட்டும் போட்டு ஊத்தை பிடிக்க விட்டிருக்கிறேன். கனிஸ்டர் கூடாது என்று சொல்லவரவில்லை. நல்லதாக, தொட்டிக்கு ஏற்ற அளவில் வாங்கி, நீங்களே பார்த்துக்கொண்டால் அது அருமையான சாமான்.

கழுவுவது இப்படி: தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் வாளியில் இருக்குமே, அதற்குள்ளேயே ஸ்பொஞ்சை நாலைந்து முறை பிழிந்தால் காணும். ஒரு தடவைக்கு ஒன்று, மற்றது அடுத்த முறை. வெள்ளையாக வரத் தேவையில்லை.

அந்தச் சேர்விஸ் பெடியன் மார்ச்சிலும் வந்தான், கேற்றடியில் நின்று மணி அடித்தான். அவனில் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே கூப்பிட்டு வாளியில் பிழிந்து காட்டினேன். கவனமாகப் பார்த்தான். "இப்பிடிக் கழுவினா நல்லம்தான் அண்ணா" என்றான், "ஆனா பிறகு எங்களை ஆர் கூப்பிடுவாங்கள்?"

கடையில் அதே பெட்டிகள் இன்னும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி இருக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் மோட்டரை வெளியே எடுத்து அடியில் பொறித்திருப்பதை வாசியுங்கள். பெட்டியில் எண் போட்டிருக்கிற இடத்தின் மூலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். "என்ன தம்பி தேடுறீங்கள்" என்று கேட்பார். கேட்கட்டும்.