கரண்ட் வந்தும் எழுந்திருக்காத பெட்டி

கல்லூரியில் கூடப் படித்தவன் போன வாரம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து போன் செய்தான். "டேய், நீ வீட்ல வச்சிருக்கியே, அதே நாஸ் பெட்டி இங்க செகண்ட்ஸ்ல இருக்குடா. டிஸ்க் இல்லாம 1,800 சொல்றாரு, பேசினா 1,500க்குத் தருவாரு போல. வாங்கட்டுமா?" நாஸ் என்றால் உள்ளே டிஸ்க்கை வைத்து வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருக்கும் கோப்புகளைக் கொடுக்கிற சின்னப் பெட்டி. கடை வாசலில் நிற்கிறவனுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறு, விவரமாக எழுதுகிறேன் என்றேன். அதுதான் இது. அதே யோசனையில் இருக்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஆகட்டும்.

கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளே மார்வெல் கிர்க்வுட் சிப், ஆர்ம்வி5 ரகம், 256 எம்பி ராம், 128 எம்பி நாண்ட் (கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம்). 2009இல் ஷீவாபிளக் என்ற குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து சில வருடங்களுக்கு எத்தனையோ சின்ன நாஸ் பெட்டிகளுக்குள் இதே குடும்பத்துச் சிப்தான் இருந்தது, அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். நான் 2014இல் புதிதாக வாங்கினேன். கூட வந்த மென்பொருளுக்கு விண்டோஸோடு கோப்பு பகிர்கிற எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 கடைசியில் விண்டோஸ் 10 அந்தப் பதிப்பைக் கைவிட ஆரம்பித்தது, அந்த மே மாதம் அதன் ஓட்டை வழியாக வான்னாக்ரை வைரஸ் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு அது நியாயம்தான். என் பெட்டிக்கு அப்டேட் எதுவும் வரவில்லை. அப்போது டெபியன் என்ற லினக்ஸைப் போட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை லினக்ஸ் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை: கோப்பு பகிர சாம்பா, நகல் எடுக்க ஆர்சிங்க், இரவில் ஒரு பேக்கப், அவ்வளவுதான் வேலை. படிக்கும்போது நொடிக்கு 40 எம்பி கிடைக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது ரகசியக் குறியீடாக மாற்றி, அனுப்பினால் பாவம் அந்தச் சிப் மூச்சு வாங்கி 10க்கு இறங்கிவிடும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் வீடு திருச்சியில். இன்வர்ட்டர் லைன் ஹாலுக்கும் படுக்கை அறைக்கும்தான், பெட்டி இருக்கிற மாடி அறைக்குக் கிடையாது. கோடையில் கரண்ட் போய் அரை மணி நேரத்தில் வரும். எல்லாம் எழுந்துவிடும், ரவுட்டர் எழுந்துவிடும், இது மட்டும் எழுந்திருக்காது. முன்னால் ஒரு ஆரஞ்சு லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும், ஃபேன் சுற்றும், டிஸ்க் சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கும், ஆனால் நெட்வொர்க்கில் ஆளைக் காணோம். மத்தியானம் அம்மா டிவியில் பேத்தியின் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்ப்பார். ஆபீசுக்குப் போன் வரும், "தம்பி, அந்தப் பொட்டி மறுபடி படுத்துக்கிச்சுப்பா." சாயங்காலம் வந்து ஸ்விட்சை அணைத்துப் போடுவேன், ஒழுங்காகக் கிளம்பிவிடும். ரீபூட் கட்டளை கொடுத்துப் பார்த்தாலும் கிளம்பும். பத்து தடவை சோதித்தால் பத்து தடவையும் கிளம்பும். அடுத்த முறை நிஜமாகக் கரண்ட் போனால் மறுபடி அதே ஆரஞ்சு லைட். இப்படி இரண்டு வருடம் போனது, இரண்டு வருடம்.

கடைசியில் மூடியைக் கழற்றி, பெட்டி சொல்வதைக் கம்ப்யூட்டரில் எழுத்தாகக் காட்டுகிற சீரியல் கேபிள் மாட்டினேன். போர்டின் ஓரத்தில் நாலு பின் இருக்கும், அதில் மூன்றே மூன்று வயர்: கிரவுண்டுக்குக் கிரவுண்ட், இதன் டிஎக்ஸ் (அனுப்புவது) அதன் ஆர்எக்ஸுக்கு (வாங்குவது), அதன் டிஎக்ஸ் இதன் ஆர்எக்ஸுக்கு. நாலாவது பின் மின்சாரம், அதைத் தொடவே கூடாது. யூஎஸ்பி பக்கம் 3.3 வோல்ட் கேபிள்தான் வேண்டும், 5 வோல்ட் கேபிள் மாட்டினால் சிப் போய்விடும் என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வேகம் 115200. டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து அரை மணி நேரம் விட்டேன், டிஸ்க் முழுக்க நின்று ஆறட்டும் என்று. பிறகு போட்டேன்.

யூ-பூட் என்று பெயர் வந்தது (கரண்ட் வந்ததும் முதலில் ஓடி லினக்ஸைக் கிளப்புகிற பூட்லோடர் அது), ராம் எவ்வளவு என்று சொன்னது, மூன்று எண்ணியது, டிஸ்க்கைத் தேடியது. டிஸ்க் இல்லை என்றது. அப்புறம் நாண்டில் பழைய கம்பெனி கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) தேடியது, அந்த இடத்தை நான் எப்போதோ அழித்திருந்தேன், அதனால் 'பேட் மேஜிக் நம்பர்' என்று ஒரு வரி. அதோடு கர்சர் நின்றுவிட்டது. அதே நேரத்தில், என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், டிஸ்க் அப்போதுதான் முழு வேகத்துக்கு ஏறி 'டிக்' என்று தலையை இறக்கியது. கையில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நின்ற டிஸ்க் தயாராக 11 நொடி. பூட்லோடர் காத்திருந்தது அதில் பாதிகூட இல்லை. நான் ஸ்விட்சை அணைத்துப் போட்டபோதெல்லாம் டிஸ்க் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் சோதனையில் பிழை வரவே இல்லை.

இதற்கு மருந்து ஒரே வரி. பூட் கட்டளையில் டிஸ்க்கைத் தேடுவதற்கு முன்னால் 15 நொடி தூங்கச் சொல்ல வேண்டும், கடைசியில் எதுவும் கிடைக்காவிட்டால் 'ரீசெட்' என்று சேர்க்க வேண்டும், அப்போது நின்றுபோகாமல் மறுபடி முதலிலிருந்து முயலும். மாற்ற செட்என்வி, சேமிக்க சேவ்என்வி, முடிந்தது. என் கோபமெல்லாம் இதுதான்: விற்கிற பெட்டியில் இந்த ஒரு வரியைப் போட்டு அனுப்ப என்ன கேடு? குறைந்தபட்சம் அந்த ஆரஞ்சு லைட்டையாவது 'டிஸ்க் கிடைக்கவில்லை' என்பதற்கு ஒரு மாதிரியும் 'கெர்னல் கிடைக்கவில்லை' என்பதற்கு வேறு மாதிரியும் மினுக்க விட்டிருக்கலாம். பெட்டி உள்ளுக்குள் வரிவரியாகக் காரணம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, அது கேட்கிற வாசலை மட்டும் மூடிக்குள் வைத்துத் திருகிவிட்டார்கள்.

ஆனால் அதே மூடிக்குள்தான் என் சந்தோஷமும் இருந்தது. அந்தச் சீரியல் திரையை முதலில் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. ஒரு இயந்திரம் விழித்ததும் முதல் நொடியில் என்ன யோசிக்கிறது என்பதை எழுத்தாகப் படிக்க முடிகிறது, நடுவில் ஒரு விசையைத் தட்டி நிறுத்த முடிகிறது, 'நீ இப்படிச் செய்' என்று சொல்ல முடிகிறது. யூ-பூட்டை ஆரம்பித்தவர் வுல்ஃப்காங் டெங்க் என்ற ஜெர்மானியர், 2022 அக்டோபரில் காலமானார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது, ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டு ஆள் ஒருவர் போன மாதிரிதான் இருந்தது.

டிஸ்க் 2 டெராவிலிருந்து 4 டெராவுக்கு மாற்றினேன், அங்கே வந்தது அடுத்த கதை. 2 டெராவுக்கு மேல் போனால் டிஸ்க்கைப் பிரிக்க ஜிபிடி என்ற புது முறை வேண்டும், என் பழைய பூட்லோடருக்கு ஜிபிடி தெரியாது. லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கிற ஈஎக்ஸ்டி4 முறையும் தெரியாது. அதன் பழைய வடிவமான ஈஎக்ஸ்டி2இல் பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுத்தால்கூட ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள விவரக் குறிப்பு) 128 பைட்டாக இருந்தால்தான் படிக்கும், இப்போதைய லினக்ஸ் தானாகப் போடுவது 256. சரி, பூட்லோடரையே புதிதாக மாற்றிவிடலாம் என்று மாற்றினேன், நன்றாகவே வேலை செய்தது. அடுத்த நாள் லினக்ஸுக்குள் இருந்தபடி அந்த 15 நொடி வரியைத் திரும்பச் சேர்த்தேன். செட்டிங் நாண்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்கிற கோப்பை மாற்ற மறந்திருந்தேன். பழைய பூட்லோடர் சின்னது, அதன் செட்டிங் இருந்த இடத்தில் இப்போது புதியதன் பின்பகுதி உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதிய வரி நேராக அதன் மேல் போய் விழுந்தது. ரீபூட் செய்தேன். சீரியலில் ஒரு எழுத்துகூட வரவில்லை. அந்த வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கிர்க்வுட்டின் பெருமை இங்கேதான். நாண்டில் இருப்பதெல்லாம் நாசமானாலும் சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாத ஒரு சின்ன ரோம் இருக்கிறது. கரண்ட் வந்த கணத்தில் சீரியலில் ஒரு குறிப்பிட்ட எட்டு பைட் வந்தால், 'சரி, பூட்லோடரைக் கம்பி வழியாகவே கொடு' என்று காத்திருக்கும். கேடபிள்யூ-பூட் என்ற கருவி அந்த எட்டு பைட்டை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், நாம் ஸ்விட்சைப் போட வேண்டும். முதல் ஏழெட்டு தடவை பிடிக்கவில்லை. கை வியர்த்தது. அப்புறம் ஒரு தடவை பிடித்தது, கம்பி வழியாகக் கோப்பு அனுப்புகிற எக்ஸ்மோடம் முறையின் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, 512 கேபி போய்ச் சேர ஒரு நிமிடத்துக்குப் பக்கம். நூறு சதவீதம் வந்ததும் யூ-பூட் பெயர் திரையில் வந்தது. அது ராமில் மட்டும்தான் இருக்கிறது, கரண்ட் போனால் போச்சு. யூஎஸ்பி ஸ்டிக்கிலிருந்து பூட்லோடரை எடுத்து, நாண்டில் முதல் 512 கேபியை மட்டும் அழித்து எழுதினேன். அழிக்கிற அளவை மூன்று தடவை விரல் வைத்துப் படித்த பிறகுதான் என்டர் தட்டினேன். பிழைத்துக்கொண்டது.

போன மாதம் மறுபடி தொல்லை. யூ-பூட் பெயர் வரும், எண்ணும், பாதியில் மறுபடி முதலிலிருந்து யூ-பூட் பெயர். நான் என் ரீசெட் வரியைத்தான் சந்தேகப்பட்டேன், இரண்டு இரவு அதையே மாற்றி மாற்றி எழுதினேன், கடைசியில் எடுத்தே விட்டேன், அப்போதும் சுற்றியது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போட்டால் சுற்றுவது நின்று ப்ராம்ப்ட்டில் அமைதியாக நின்றது, அப்போதுதான் உறைத்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அடாப்டர் சும்மா இருக்கும்போது 12.1, டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கிற நேரத்தில் 9க்குக் கீழே. 3.5 அங்குல டிஸ்க் கிளம்பும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், பத்து வருடம் வெயிலில் வெந்த அடாப்டருக்கு அந்தத் தெம்பு இல்லை. உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் உப்பியிருந்தன. புது அடாப்டர் 12 வோல்ட் 5 ஆம்பியர் வாங்கினேன், 450 ரூபாய். பூட்லோடர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. டெபியன் 12 இதில் ஓடும், ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் இந்தச் சிப்புக்குக் கெர்னல் இல்லை, நிறுவுகிற மென்பொருளும் இல்லை. இந்தச் சிப் சேர்கிற ஆர்ம்எல் என்ற பழைய வகையில் ராஸ்பெரி பை முதல் மாடலுக்கும் ஜீரோவுக்கும் மட்டும்தான் கெர்னல் மிச்சம், அந்த வகைக்கு அதுவே கடைசி வெளியீடும்கூட. கம்பெனி மென்பொருளோடு இன்டர்நெட்டில் விடலாம் என்று நினைக்காதே. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் நாஸ் பெட்டிகளில் வெளியிலிருந்து யாரோ புகுந்து, உலகம் முழுக்கப் பலருடைய கோப்புகள் ஒரே இரவில் காணாமல் போனதை நீயும் படித்திருப்பாய், அவற்றுக்குக் கடைசி அப்டேட் 2015. உன் வீட்டில் கிடக்கிற அந்தப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு யூஎஸ்பி டிஸ்க் மாட்டு. பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருந்தால் கரண்ட் போனாலும் லேப்டாப் அணையாது, நான் இரண்டு வருடம் பட்ட அவஸ்தை உனக்கு வேண்டாம்.

அந்தக் கடை எந்தப் பக்கம், எத்தனையாவது கடை என்று மட்டும் எனக்கு அனுப்பு. 1,500 என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், இதன் போர்டு போனால் மாற்றி வைக்க ஒன்று கையில் இருக்கட்டும். அடாப்டரோடு தருகிறாரா, பின்னால் நாலு ஸ்க்ரூவும் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வை.