பின்தொடைக் கிழிவு, பிசியோ, ஒரு ரப்பர் பட்டி: ஆறின பிறகு எழுதுவது

போன கிழமை மச்சான் ஒருவன் பந்தடிக்கும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு கிறவுண்டிலேயே இருந்துவிட்டான். "உனக்கும் இதுதானே வந்தது, பிசியோவுக்குப் போனால் சரிவருமோ?" என்று இரவு போனில் கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை.

எனக்கு வந்தது இரண்டாம் தரக் கிழிவு, அதாவது சதை முழுதாக அறாமல் ஒரு பகுதி அறுந்தது. முழு வேகத்தில் ஓடும்போது முன்னுக்கு வீசின காலை இழுத்து நிறுத்துவது பின்தொடைச் சதைதான். நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குகிற அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் கிழிகிறது. ஊரில் எல்லாரும் "நரம்பு பிரண்டிட்டுது" என்றார்கள். அறுந்தது சதை நார். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தா, நான் உருவ விடவில்லை. புதுக் கிழிவை உருவினாலும் சூடு வைத்தாலும் உள்ளே இரத்தக் கசிவு கூடும். முதல் சில நாள் இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, காலை உயர்த்தி வைத்தால் போதும். ஐஸ் நோவைக் குறைக்கும், அவ்வளவுதான். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்று 1978இல் எழுதின அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைப் பிந்தச் செய்யலாம் என்று பின்னாளில் சொல்லிவிட்டார். 'டப்' என்று சத்தம் கேட்டு, தொடை கறுத்து, கால் ஊன்றவே ஏலாவிட்டால் முதலில் ஸ்கான். முழுதாக அறுந்திருந்தால் சிலவேளை ஒப்பரேஷன் வேண்டிவரும்.

சரி, பிசியோ. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இடத்துக்குப் போனேன். முதலே காசு கட்டவேண்டும். படுக்கவைத்து, தொடையில் மெல்லிய கரண்ட் விடுகிற நாலு பட்டையை ஒட்டி, மெசின் பட்டனைத் தட்டிவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு குளிர்ந்த ஜெல் பூசி அல்ட்ராசவுண்ட். அடுத்த முறையும் அதேதான். மெசினால் நோ கொஞ்ச நேரம் குறையும், அதை மறுக்கவில்லை. ஆனால் அறுந்த சதைக்குப் பலம் கொடுக்கிற வேலையை எந்த மெசினும் செய்யாது. பயிற்சி எங்கே என்று கேட்டபோது மங்கலான போட்டோகொப்பி ஒன்றைக் கையில் தந்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது. விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு ஐயா அடுத்த கட்டிலில் அதே பட்டையோடு படுத்திருந்தார்.

அதே இடத்தில் வேலைசெய்த ஒரு தங்கச்சிதான் காலைத் திருப்பித் தந்தது. அவ பேப்பரைப் பார்க்கச் சொல்லவில்லை, தானே தரையில் முழந்தாளிட்டுக் காட்டினா. முழந்தாளுக்குக் கீழே மடித்த துவாய், கணுக்கால் இரண்டையும் ஒருவர் அமத்திப் பிடிக்கவேண்டும், இடுப்பு மடியாமல் உடம்பை முன்னுக்கு மெல்ல மெல்ல இறக்கவேண்டும். நோர்டிக் பயிற்சி என்று பெயர். இதைத் தொடக்கத்திலேயே செய்யக்கூடாது. முதலில் படுத்து இடுப்பைத் தூக்குவது, பிறகு ரப்பர் பட்டியைக் காலில் மாட்டி இழுப்பது, நோவில்லாமல் மெல்ல ஓடமுடிந்த பிறகுதான் இது. சதை நீண்டபடியே பாரம் தாங்கப் பழகுகிறது. கிழிந்ததும் அப்படி ஒரு கணத்தில்தானே.

ரப்பர் பட்டியைப் பற்றி விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று. இது லேட்டக்ஸ், எண்ணெய் ஆகாது. எங்கள் வீடுகளில் கிழிவு ஆறத் தொடங்கினதும் எண்ணெய் பூசாமல் விடமாட்டார்கள். அந்தக் காலில் பட்டியைப் போட்டால் கொஞ்ச நாளில் பசைபிடித்து, ஓரத்தில் நூல்போல வெடிப்பு வரும். இழுக்கும்போது அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். எண்ணெயைக் கழுவித் துடைத்துவிட்டுப் போடு. வெயிலில் கொடியில் காயவைக்காதே, பவுடர் தூவிச் சுருட்டி வை. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று பெரும்பாலும் நிறம் மாற மாறப் பலமும் கூடும். பச்சைக்குப் போகவே எனக்கு நெடுநாள் எடுத்தது.

நொண்டாமல் நடந்ததும் அங்கே என் கணக்கு முடிந்தது. "சுகம்தானே, வேணுமெண்டால் இன்னும் கொஞ்ச நாள் மெசின் வைப்பம்" என்றார்கள். எனக்கு மிகவும் பொறுக்காதது இதுதான். நோ போவதும் சதை பலப்படுவதும் வேறு வேறு. ஒருமுறை கிழிந்தவனுக்குத்தான் திரும்பக் கிழிகிறது, அதுவும் விளையாட்டுக்குத் திரும்பின முதல் கிழமைகளில் அதிகம். அதை வாசலில் எழுதி ஒட்டவேண்டும். தங்கச்சி மட்டும் வெளியே வந்து, "அண்ணா, மல்லாக்கப் படுத்து முழங்கால் மடிக்காமல் காலை வேகமாகத் தூக்கிப் பாருங்கோ. மனதில் கொஞ்சம் பயம் வந்தாலும் இன்னும் விளையாடாதேங்கோ" என்றா. அந்தச் சோதனையை வைத்துத்தான் நான் கிறவுண்டுக்குப் போனேன்.

இப்போது முழு வேகத்தில் ஓடுகிறேன். கிழிந்த கால் மற்றக் காலைவிட உறுதியாக இருக்கிறது. பிசியோதெரபி பலன் தருமா என்றால், தரும். ஆனாலும் அந்த இடத்துக்கு ஒருவரையும் அனுப்பமாட்டேன். டொக்டரிடம் பிசியோவுக்குத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள், காத்திருக்க வேண்டிவரும், காசில்லை. அந்தத் தங்கச்சி தனியாக ஒரு அறை எடுத்துத் தொடங்கினால் சொல்லுங்கள், இன்றைக்கே மச்சானைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.